வெட்டி வெட்டிப் படிக்கும் 'எஸ்/இஸட்'

ஞாயிறு மாலைகளில் ஜூமில் கூடி பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த்தின் 'எஸ்/இஸட்' படித்து வருகிறோம். கையில் இருப்பது ரிச்சர்ட் மில்லரின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் 'சராசின்' (1830) கதையை 561 துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து குறிகளில், அதாவது கதை பொருள் தரும் ஐந்து வழிகளில், எது வேலை செய்கிறது என்று பார்த் காட்டும் நூல் இது, 1970இல் வந்தது. பாரிஸில் அவர் நடத்திய இரண்டு வருட வகுப்பில் விளைந்தது என்பதால், அதில் கலந்துகொண்டவர்களுக்கே சமர்ப்பித்திருக்கிறார். இதைத் தனியாகப் படித்தால் கலைச்சொற்கள்தான் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

கதையை முழுசாக ஒருமுறை வாசித்தாகிவிட்டது. இப்போது பார்த்தின் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒருவர் ஒரு பத்தியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் நோட்டில் வெட்டுகிறோம். ஓரத்தில் ஐந்து குறிகளுக்கும் எழுத்துகள்: புதிருக்கு 'பு', செயலுக்கு 'செ', சாயலுக்கு 'சா', எதிர்நிலைக்கு 'எ', ஊரறிந்த விஷயத்துக்கு 'ஊ'. அப்புறம்தான் புத்தகத்தைத் திறப்பது. இருவர் வெட்டு ஒத்துப்போனதே இல்லை. எங்கே வெட்டுவது என்பது தன்னிச்சையானது என்று பார்த்தே சொல்லிவிடுவதால் சண்டை நீளவில்லை.

தொடக்கத்திலேயே எலிசே-பூர்போன் கடிகாரம் நள்ளிரவு மணி அடிக்கிறது. கதைசொல்லி நேரத்தைச் சொல்கிறான், அவ்வளவுதான் என்று எல்லோரும் நகர்ந்தோம். பார்த்தோ அங்கே 'செல்வம்' என்று எழுதியிருக்கிறார்.

"சார், மணி அடிச்சதுல என்ன பணம் இருக்கு?" என்று கேட்டார் எம்.ஏ. படிக்கும் தம்பி.

"எங்க அடிக்குதுன்னு பாருப்பா," என்றார் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்.

அந்தக் கடிகாரம் இருப்பது ஃபோபூர் சென்-தொனோரே பகுதியில். திடீர்ப் பணக்காரர்களின் பேட்டை. சென்னைக் கதையில் 'போட் கிளப் சாலை' என்று வந்தால் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அதுபோல. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பணம் என்ற வாடை அந்த மணியோசையிலேயே வந்துவிடுகிறது. விருந்தில் நடமாடும் அந்தக் கிழவர் யார், விருந்து கொடுக்கும் லான்தி குடும்பத்துக்கு இத்தனை சொத்து ஏது என்ற இரண்டு புதிர்களுக்கும் விடை ஒன்றே: காயடிக்கப்பட்ட பாடகன் ஸாம்பினெல்லா. முடிவு தெரிந்து திரும்பி வந்தவர்களுக்கே அந்தக் கடிகாரம் உறைத்தது.

'எ'தான் தொல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி மூடிய தோட்டம், உள்ளே நடனம் என்று ஆரம்பத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கப்புறம் ஆளாளுக்கு எல்லா வரியிலும் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். ரொலான் பார்த்தும் சில இடங்களில் ரொம்பவே இழுக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. இடையிடையே வரும் 93 கோட்பாட்டுப் பகுதிகளில் பாதியை இன்னும் தொடவில்லை.

இப்போது ரோமில், ஆர்ஜெந்தினா அரங்கில், கதைநாயகனான சிற்பி சராசின் முதல்முறை ஸாம்பினெல்லாவைப் பார்க்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம். இங்கிருந்து கதை நம்மை ஏமாற்ற ஆரம்பிக்கிறது. வெறும் 'பு' போதாது. பொறி (தவறான வழியில் இழுப்பது), இரட்டுறல் (இரு பொருள்பட நிற்பது), அரைப்பதில் (விடையில் பாதியை மட்டும் சொல்வது) என்று தனித்தனியாகக் குறிப்பதாக முடிவாகியிருக்கிறது.