265 குதிரையும் எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கரும்

கார் மாற்றுகிற யோசனை, வீட்டில் சொல்லாதவரை நல்ல யோசனைதான். நானும் அதைக் கொஞ்ச நாள் மனசுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் இருப்பது 2020 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ. ஒரு லிட்டர் டர்போ, 110 குதிரைத்திறன். கோயம்புத்தூருக்குத் தாராளம். ஆனால் 2025-இல் அதே கம்பெனியின் வேகக் காரான கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவுக்கு வருகிறது என்று தெரிந்ததிலிருந்து, போலோவில் ஏறும்போதெல்லாம் ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது. ஜிடிஐ-யில் இரண்டு லிட்டர் டர்போ, 265 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 5.9 விநாடி. நான் சீட் பெல்ட் மாட்டி, முருகனைக் கும்பிட்டு முடிக்கவே அதைவிட நேரமாகும்.

முதல் தவணையாக 150 கார்கள்தான் வருகின்றன, முன்பதிவு செய்ய ஜிடிஐ வரலாறு பற்றி ஒரு வினாடி வினாவும் உண்டு என்றார்கள். பணம் கொடுக்கிறவனுக்கே பரீட்சை வைப்பது எந்த ஊர் நியாயம் என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. பிளஸ் டூவில் படிக்காத அளவுக்கு உட்கார்ந்து படித்தேன். முதல் ஜிடிஐ-யை 1975 ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் காட்டினார்கள், மறுவருஷம் விற்பனைக்கு வந்தது. கட்டம் போட்ட அந்தப் புகழ்பெற்ற சீட் துணியும், கோல்ஃப் பந்து மாதிரி இருக்கும் கியர் குமிழும் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற பெண்மணியின் யோசனை. பீங்கானில் ஓவியம் தீட்டியும் சாக்லேட் டப்பாக்களுக்கு வடிவம் கொடுத்தும் வந்தவர் அவர்.

இதையெல்லாம் சாப்பிடும்போது பெருமையாக எடுத்துவிட்டேன். அப்பா என் போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அம்பது லட்சம் வாங்கிப்போட்டு, சீட்டுக்கு லுங்கித் துணியா போடறான்?"

மனைவியிடமிருந்து வந்தது இதைவிடக் கூர்மை. நான் வாய் சும்மா இருக்காமல், முதல் ஜிடிஐ-க்கு 110 குதிரைத்திறன்தான் என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.

"ஏனுங்க, நம்ம கார் எத்தன?"

"110."

"அப்புறம் என்ன? அந்த ஒரிஜினல் சக்தி நம்ம வீட்டு வாசல்லயே நிக்குது." இன்னும் ரெண்டு தோசை போடட்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மே மாதக் கடைசியில் விலை வந்தது. ஷோரூம் விலை கிட்டத்தட்ட 53 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். வரி மட்டும் பத்தரை லட்சம். என் போலோவை மொத்தமாக வாங்கியதே ஏறக்குறைய அந்த விலைக்குத்தான். இன்ஷூரன்ஸையும் சேர்த்தால் 65 லட்சம். "ரோட்டுக்கு இத்தன வரி கட்டறமே, எந்த ரோட்டுல ஓட்டப் போறீங்க?" என்றாள் மனைவி. அப்போது அவினாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. ஹோப் காலேஜிலிருந்து லட்சுமி மில் வரை எந்தக் காரில் போனாலும் முன்னால் போகிற தண்ணி லாரியின் வேகம்தான் நம் வேகம்.

கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். கார் பந்தயத்துக்குப் பேர்போன ஊர் எங்கள் ஊர். ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனே இந்த ஊர்க்காரர்தான். செட்டிபாளையத்தில் அந்த 2.1 கிலோமீட்டர் டிராக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை போலோவை அங்கே கொண்டுபோய் ஓட்டினேன். வளைவு வருவதற்கு ரொம்ப முன்னாடியே பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்த என்னை, பழைய ஸ்விஃப்டில் வந்த ஒரு காலேஜ் பையன் கை காட்டிவிட்டு முந்திப் போனான். அந்த வீடியோவை எடுத்தவள் என் மனைவி.

இவ்வளவுக்கும் பிறகும் ஆசை விடவில்லை. அந்த 150 காரும் விலை அறிவிக்கும் முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டன. அடுத்த தவணை வரும் என்றார்கள். சரி, அதற்குள் ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொள்வோம் என்று நினைத்தேன். ஜிடிஐ-யின் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளி, 136 மில்லிமீட்டர். எங்கள் தெரு முனையில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் உண்டு. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. ரோடுகளுக்கு அளவு வகுக்கும் இந்திய ரோடு காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். எங்களுடையது சுவர் கட்ட ஆரம்பித்துப் பாதியில் மனசு மாறியது போல் நிற்கும்.

காலையில் ஆள் நடமாட்டத்துக்கு முன்பே அளந்துவிடலாம் என்று டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன். குறுக்கே ஒரு மரச்சட்டத்தை வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். 17 சென்டிமீட்டர். நோட்டில் எழுதும்போது பின்னாலிருந்து குரல்.

"ஏனுங்க தம்பி, ரோடு போட வந்திருக்கீங்ளா?"

முனை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா, கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தார். இல்லைங்க, சும்மா அளக்கிறேன் என்றேன். விடியற்காலையில் தெருவில் குனிந்து சும்மா அளக்கிறவனை யார் நம்புவார்?

"நல்லதாப் போச்சு. எங்க வீட்டு முன்னாடியும் ஒண்ணு வேணுமுங்க. பசங்க பைக்குல பறக்கறானுக."

பால் வாங்க வந்தவர் நின்றார். வாக்கிங் கிளம்பிய இரண்டு பேர் நின்றார்கள். சாக்கடை அடைத்திருப்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார் ஒருவர். தெருவிளக்கு விஷயம் வந்தது. பேனா கையில் இருந்ததால் நானும் எழுதிவிட்டேன். எழுதாவிட்டால் விடமாட்டார்கள் போலிருந்தது. நல்லவேளையாக என்னைத் தெரிந்த ரிடையர்டு வாத்தியார் வந்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"இவரு நம்ம தெருப் பையன்தானுங்களே. ஆபீசர் எல்லாம் இல்லீங்க" என்றார்.

"அப்ப இன்னும் நல்லது. நம்ம ஆளே முன்னாடி நின்னு செஞ்சா வேலை நடக்குமுங்க" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தால், முதல் வரியில் "17 செ.மீ. - உரசும்" என்று இருந்தது. கீழே சாக்கடை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டு முகவரி மாற்றம். மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "65 லட்சத்துல இதெல்லாமும் செஞ்சு தர்றாங்ளா?" என்றாள்.

ஜிடிஐ பேச்சு வீட்டில் அத்தோடு அடங்கியது. தெருவில் அடங்கவில்லை. வாத்தியார் தலைமையில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வீட்டு முன்னால் புதிதாக ஒரு ஸ்பீட் பிரேக்கர் கட்டிவிட்டார்கள். ஐநூறு ரூபாய் நானும் கொடுத்தேன். உயரம் எவ்வளவு என்று மேஸ்திரி கேட்டதற்கு, "அந்தத் தம்பி அளந்து வெச்சாரே, அதே 17" என்றாராம் அந்த அம்மா. பின் சீட்டில் அப்பா அம்மா உட்கார்ந்தால் இப்போது போலோவே அதில் உரசுகிறது.