வேலைக்குப் போய்க்கொண்டே இக்னோ பட்டம்: படிப்பு எங்கே நின்றுபோகிறது

தொலைதூரக் கல்வியில் சேர்ந்து பாதியில் விட்டவர்களிடம் காரணம் கேட்டால் "நேரமே கிடைக்கல" என்பார்கள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் உண்மை வெளியே வரும். அசைன்மென்ட் கொடுக்கும் தேதி தாண்டிவிட்டது, பரீட்சைக்குப் பணம் கட்ட மறந்தாயிற்று, அடுத்த வருடத்துக்கு மறுபதிவு செய்யவில்லை. பாடம் கடினம் என்று விட்டவர்களைவிடத் தேதியைத் தவறவிட்டு விட்டவர்கள்தான் அதிகம் என்பது என் கணிப்பு. அதனால் இந்தப் பதிவில் பாடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. 1985-இல் தொடங்கிய இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), வேலையில் இருப்பவர் எந்தெந்த இடத்தில் சறுக்குகிறார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சேருமுன் பார்க்க வேண்டியவை சில. யுஜிசி என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்தப் பருவத்துக்கு (ஜனவரி அல்லது ஜூலைச் சேர்க்கை) அனுமதி என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்பும் பருவமும் அதில் இருக்க வேண்டும். இது எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொருந்தும். பொறியியல், மருத்துவம், சட்டம் இவற்றைத் தொலைதூர வழியில் பட்டமாகத் தர யாருக்கும் அனுமதி கிடையாது. தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். அனுமதி பெற்ற தொலைதூரப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022-இலும் தெளிவாக அறிவித்திருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசு வேலைக்குப் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ இல்லாதவர்கள் அதைத் தனித்தேர்வராக முதலில் முடித்துவிட்டு வாருங்கள். தமிழ் வழியில்தான் படிக்க வேண்டும் என்பவர்கள், 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளைப் பார்க்கலாம். அரசு ஊழியர்கள் சேருமுன் துறையின் அனுமதியைக் கையில் வாங்கிக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தில் முதல் முட்டுக்கட்டை இனிஷியல். 2024 முதல் தொலைதூரப் படிப்பில் சேர டெப் ஐடி, அதாவது யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தளத்தில் மாணவர் எடுக்கும் எண், கட்டாயம். அதை எடுக்க ஏபிசி ஐடி (கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) வேண்டும், அதற்கு ஆதார் வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும், ஆதாரில் "கார்த்திக் செல்வராஜ்" என்று அப்பா பெயரோடு இருக்கும். நம் ஊர்ப் பெயர்களில் பாதிக்கு இந்தக் கோளாறு உண்டு. இரண்டும் பொருந்தாவிட்டால் விண்ணப்பம் நிற்கும், அல்லது பட்டத்தில் ஒரு பெயரும் வேலைப் பதிவேட்டில் வேறு பெயரும் வந்து நிற்கும். சேர்க்கை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எழுத்துக்கு எழுத்து, புள்ளி, இடைவெளி உட்பட சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அடுத்தது மணிக்கணக்கு. இதை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. இக்னோவில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் தாள் (பாடம்) ஒன்று 180 மணி. ஒரு வருடத்துக்கு 40 கிரெடிட் என்று வைத்தால் 1200 மணி, அதாவது வாரத்துக்கு 23 மணி. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் போக ஒருவருக்கு வாரத்தில் 10 மணி கிடைத்தால் பெரிய விஷயம். அப்படியானால் மூன்று வருடப் பட்டத்தை மூன்றே வருடத்தில் முடிக்கிறேன் என்று கிளம்புவது முதல் வருடத்திலேயே மூச்சு வாங்க வைத்துவிடும். மூன்று வருட இளங்கலைக்கு 6 வருடம் வரையும், இரண்டு வருட முதுகலைக்கு 4 வருடம் வரையும் அவகாசம் உண்டு. முதல் நாளிலேயே இளங்கலைக்கு நாலரை வருடம், முதுகலைக்கு மூன்று வருடம் என்று திட்டம் போடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். மெதுவாகப் படிக்கலாம் என்பதற்காக மறுபதிவையும் தள்ளிப்போடக் கூடாது. முதல் வருடத்தில் ஒரு தாள்கூட எழுதாமல் இருந்தாலும் இரண்டாம் வருடத்துக்கு நேரத்தில் மறுபதிவு செய்து பணம் கட்டலாம், செய்ய வேண்டும். மூன்று வருடமும் பதிவாகிவிட்டால் மிச்சமிருக்கும் தாள்களை அவகாசம் முடியும்வரை பரீட்சைக் கட்டணம் மட்டும் கட்டி எழுதிக்கொள்ளலாம். "போன வருஷத்தை முடிச்சுட்டு அப்புறம் கட்டறேன்" என்று நினைப்பவர் அந்தப் பருவத்தை இழந்துவிடுகிறார்.

இனி அசைன்மென்ட், அதாவது வீட்டிலிருந்தே விடை எழுதிக் கொடுப்பது. பி.ஏ., எம்.ஏ. போன்ற பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், பருவத்தேர்வுக்கு 70. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்: இளங்கலைக்கு 35, முதுகலைக்கு 40. முதுகலையில் ஒருவர் அசைன்மென்டில் 80-உம் பரீட்சையில் 38-உம் வாங்கினால் கூட்டிப் பார்த்தால் 50.6 வரும். ஆனாலும் அரியர்தான். அதே ஆள் பரீட்சையில் 40 எடுத்திருந்தால் 52-ஓடு தேறியிருப்பார். பரீட்சையில் தவறினாலும் அசைன்மென்டின் 80 அப்படியே நிற்கும், மறுபடி எழுத வேண்டியதில்லை.

அசைன்மென்ட் கேள்வித்தாளின் முதல் பக்கத்தில் எந்தச் சேர்க்கைக்கு உரியது என்று அச்சிட்டிருப்பார்கள். ஜூலைச் சேர்க்கைக்கும் அடுத்து வரும் ஜனவரிச் சேர்க்கைக்கும் சேர்த்து ஒரே தாள் இருக்கும். காலம் முடிந்த தாளுக்கு விடை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் ஏறாது. நண்பர் தந்த பழைய தாள், கடையில் விற்கும் ஜெராக்ஸ் கட்டு இவற்றால் ஏமாந்தவர்கள் ஏராளம். எழுத உட்காரும் நாளிலேயே இக்னோ தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

விடைகளைக் கையால்தான் எழுத வேண்டும், டைப் செய்தால் ஏற்க மாட்டார்கள். கோடு போட்ட நீளத் தாள், ஒரு பக்கம் மட்டும் எழுதி, இடது ஓரம் தாராளமாக விட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பாடத் தாளுக்கும் தனிக் கட்டு, தனி முகப்பு: பதிவெண், பெயர், முகவரி, படிப்பின் குறியீடு, தாளின் குறியீடு, ஸ்டடி சென்டர் (உங்களுக்கு ஒதுக்கிய கல்வி மையம்) எண், தேதி, கையெழுத்து. இரண்டு தாளின் விடையை ஒரே கட்டில் தைத்துக் கொடுத்தால் ஒன்றுக்கு மதிப்பெண் காணாமல் போகும். ஜூன் பரீட்சைக்கு மார்ச், ஏப்ரல் வாக்கிலும் டிசம்பர் பரீட்சைக்கு செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் கடைசித் தேதி வரும். பல முறை நீட்டிப்பு அறிவிப்பார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், கடைசி வாரத்தில் சென்டரில் கூட்டம் அலைமோதும்.

கையால் எழுதச் சொல்வதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பத்து வருடமாகக் கீபோர்டிலேயே வேலை செய்தவருக்குப் பேனா பிடித்து மூன்று மணி நேரம் எழுதுவது உடம்புக்கே புதிது. இரண்டாவது விடையிலேயே கட்டைவிரல் மரத்துப்போகும், எழுத்து கோணலாகும், ஐந்தாவது கேள்வியை அரைப்பக்கத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். படித்தது முழுக்க மண்டையில் இருந்தும் மதிப்பெண் போவது இப்படித்தான். அசைன்மென்டைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். 500 சொல் விடை ஒன்றுக்கு 30 நிமிடம். முதலில் முக்கால் மணி ஆகும், நாலாவது தாளில் கை தானாகப் பழகிவிடும்.

கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் போனில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். சென்டரில் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள், அதில் தாளின் குறியீடும் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பரீட்சை முடிவு வந்த பிறகும் கிரேடு கார்டில் அசைன்மென்ட் கட்டம் காலியாக இருப்பது அடிக்கடி நடக்கும் சங்கதி. அப்போது அந்தச் சீட்டுதான் ஆதாரம். முதலில் ஸ்டடி சென்டர் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மதிப்பெண் அனுப்பியாயிற்று என்று அவர் சொன்னால், சீட்டின் நகலோடு சென்னை அல்லது மதுரை மண்டல மையத்துக்குப் போக வேண்டும். சீட்டு இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து எழுதுவதைத் தவிர வழியில்லை.

அசைன்மென்ட் கொடுத்துவிட்டால் பரீட்சைக்குப் பதிவு தானாக ஆகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆகாது. பரீட்சை விண்ணப்பத்தை ஆன்லைனில் தனியாக நிரப்பி, தாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். இக்னோ பரீட்சைகள் ஒரு மாதத்துக்கும் மேல் நீளும், வார நாட்களிலும் வரும். காலையில் ஒரு தாள், மதியம் ஒரு தாள் என்று ஒரே நாளில் இரண்டும் விழலாம். அரியரையும் நடப்பு வருடத் தாளையும் சேர்த்துக் கட்டினால் இரண்டும் ஒரே வேளையில் மோதவும் வாய்ப்புண்டு. அதனால் உத்தேச அட்டவணை வந்ததும் அதைப் பார்த்துவிட்டு, ஒரு பருவத்துக்கு நாலு தாளுக்கு மேல் கட்டாதீர்கள். அன்றே அட்டவணையை அச்செடுத்து அலுவலகத்தில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் நேரம், எல்லாரும் லீவு கேட்பார்கள்.