தலைவர்கள் மட்டுமே இருந்த குழு

சல்ஸா என்ற லத்தீன் நடன இசைக் குழுவுக்கு ஒலி அமைக்கப் போனால் மேடையில் மைக் வைக்க இடமே இருக்காது. காங்கா, போங்கோ, டிம்பாலெஸ் என்று மேளங்கள், அப்புறம் பியானோ, பேஸ், டிரம்பெட், டிராம்போன். முன்வரிசையில் பாடகர்கள் வேறு. நியூயார்க்கில் கோடைக்காலப் பூங்காக் கச்சேரிகளுக்கு மிக்ஸர் முன்னால் நிற்பது என் பிழைப்பு. இந்த இசைக்கு என் காதைப் பழக்கியவை ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் குழுவின் பழைய பதிவுகள்தான்.

டொமினிகன் நாட்டில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர் ஜானி பச்சேகோவும் வழக்கறிஞர் ஜெர்ரி மசூச்சியும் 1964இல் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம் ஃபானியா. முதல் தட்டுகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய் விற்றார்கள். 1968இல் தங்கள் கலைஞர்களை ஒரே மேடையில் ஏற்றியபோது பிறந்ததுதான் ஆல் ஸ்டார்ஸ். ரே பரெட்டோ, லாரி ஹார்லோ, வில்லி கொலோன், பாபி வாலன்டீன், ரொபெர்த்தோ ரொயேனா என்று சொந்தக் குழு நடத்தியவர்களே அதில் வரிசையாக உட்கார்ந்தார்கள். தன் குழுவில் பெயர் போட்டுக்கொண்டு முன்னால் நிற்கும் வாலன்டீன், இங்கே பின்னால் நின்று பேஸ் வாசிப்பார். எனக்கு அவர்கள் விட்டுப்போன சொத்து என்றால் அதுதான்.

1971 ஆகஸ்ட் 26 அன்று மன்ஹாட்டனில் சீட்டா என்ற நடன அரங்கில் நடந்த கச்சேரியின் பதிவைக் கேளுங்கள். ‘கீத்தாத்தே தூ’ பாட்டு கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும். எக்தோர் லவோ, இஸ்மாயெல் மிராண்டா, சேயோ ஃபெலிசியானோ என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து, அந்த நேரத்தில் தோன்றியதைக் கட்டிப் பாடுகிறார்கள். தன் முறை முடிந்தவர் பின்பாட்டுக்குப் போய்விடுகிறார். அடுத்தவர் பாடும்போது அந்தப் பின்பாட்டில் கொஞ்சமும் சுணக்கம் இல்லை. இதை மிக்ஸ் செய்கிறவனுக்குப் பெரிய பாடம் இருக்கிறது: பின்பாட்டு மைக்கை இறக்கினால் பாட்டே படுத்துவிடும். முதன்மைப் பாடகரின் குரலுக்குச் சமமாக அதை நிறுத்த வேண்டும். அப்புறம், காங்காவின் தாழ்ந்த ஒலியும் பேஸும் ஒன்றையொன்று விழுங்காமல் பிரித்து வைக்க வேண்டும். ஆட வந்தவர்களின் கால்களுக்குப் பிடிமானம் அங்கேதான்.

என்னோடு அடிக்கடி வேலை செய்யும் ஒரு காங்கா கலைஞர், போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துப் பெரியவர், சவுண்ட் செக்கில் நியூயார்க்கின் பேஸ்பால் மைதானமான யாங்கி ஸ்டேடியத்தில் ஆல் ஸ்டார்ஸ் வாசித்த கதையைத்தான் சொல்வார். 1973 ஆகஸ்ட் 24. நாற்பதாயிரம் பேருக்கு மேல் கூட்டம். ரே பரெட்டோவும் மோங்கோ சாந்தமரியாவும் காங்காவில் எதிரெதிரே மோதத் தொடங்கியதும் ஜனங்கள் தடுப்பைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். கச்சேரி அத்தோடு நின்றது. ஸ்டேடியத்தின் பெயரில் வந்த ஆல்பத்தில் பெரும்பகுதி, பின்னர் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ரொபெர்த்தோ கிளெமெந்தே அரங்கில் பதிவானது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2003ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது.

1974 செப்டம்பரில் ஆல் ஸ்டார்ஸ் போனது ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் கின்ஷாசாவுக்கு. ஃபோர்மேனுக்குக் காயம்பட்டு அலி–ஃபோர்மேன் குத்துச்சண்டை தள்ளிப்போயிற்று, அதையொட்டி ஏற்பாடான இசை விழா சொன்ன தேதியிலேயே நடந்தது. கியூபப் பாடகி செலியா குரூஸ் அங்கே ஆல் ஸ்டார்ஸோடு பாடிய பதிவில் கூட்டத்துக்கு இந்தத் தாளம் புதிதாகத் தெரியவில்லை. காங்கோவின் ரும்பா இசையே கியூபத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்ததாயிற்றே.

எல்லாம் இனிமையாக முடியவில்லை. ராயல்டி விஷயத்தில் பல கலைஞர்களுக்கு நிறுவனத்தின் மேல் கசப்பு இருந்தது. அந்தக் கசப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். மேடையில் அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த மரியாதை கணக்குப் புத்தகத்திலும் இருந்திருக்க வேண்டும்.

பச்சேகோ 2021இல் காலமானார். அந்த வாரம் பிராங்க்ஸில் எனக்குத் தெரிந்த ஒலிக்காரர்கள் எல்லோரும் சீட்டா பதிவைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது என்னிடம் வேலை பழக வரும் பிள்ளைகளுக்கும் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன். பாடகரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். நல்ல காது உள்ள பிள்ளை பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு வந்து நிற்கும்.