மழை பெய்த மறுநாள் படலைத் திறக்காதீர்கள்

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் காங்கயம் காளை என்றால் தெரியாதவர்கள் குறைவு. கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு வருகிறார்கள், நிறம் மயிலையா (சாம்பல்) காரியா (கறுப்பு) என்று கேட்கிறார்கள், திமிலைத் தடவிப் பார்க்கிறார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்லதுதான். ஆனால் அது எதைத் தின்று இப்படி நிற்கிறது என்று ஒருத்தர்கூட என்னிடம் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அந்தப் பக்கம் க.பரமத்தி வரைக்கும் பஸ்ஸில் போனால் ரோட்டோரம் கிளுவை வேலியும் உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரமும் தெரியும். வெளியூர்க்காரர்கள் தரிசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுதான் கொரங்காடு, வேலி போட்ட மேய்ச்சல் நிலம்; சுருக்கமாகக் காடு என்போம். ஊர்ப் பொது மேய்ச்சல் புறம்போக்கு இல்லை, ஒவ்வொன்றும் பட்டா நிலம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே தலைமுறை தலைமுறையாக விட்டு வைத்தது. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மண்ணோ செம்மண்ணும் சரளையும். இதில் கிணற்றை நம்பி வெள்ளாமை வைத்துத் தோற்பதைவிடப் புல்லை நம்புவது மேல் என்று முன்னோர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

புல் என்றால் கொழுக்கட்டைப் புல். தூர்கட்டி வளரும், வேர் ஆழமாகப் போகும், எவ்வளவு வெயில் அடித்தாலும் அடித்தூர் சாகாது. இதே புல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் இப்போது அங்கே காட்டுத்தீயை வளர்க்கிற களை என்று திட்டு வாங்குகிறது; நம் ஊரில் இருக்கிற ஆடுமாடு தீ வைக்க மிச்சம் வைத்தால்தானே.

இந்தப் புல்லைக் கெடுப்பது வெயில் இல்லை, நம் அவசரம். நல்ல மழை ஒன்று விழுந்து நாலைந்து நாளில் காடு பச்சை கட்டிவிடும். மாசியிலிருந்து காய்ந்த தட்டையே தின்று அலுத்த மாடு காட்டு வாசலில் இருக்கிற படலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கத்தும், நமக்கும் மனசு கேட்காது, திறந்து விட்டுவிடுவோம். ஆனால் அந்த முதல் தளிர் வெயிலில் புதிதாகச் சம்பாதித்த சத்தில் வருவதில்லை, தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்த இருப்பை எடுத்துச் செலவு செய்துதான் வருகிறது. இலை விரிந்து கொஞ்ச நாள் வெயில் குடித்தால்தான் எடுத்ததைத் திருப்பி வைக்கும். அதற்குள் மாடு கடித்தால் மறுபடியும் இருப்பில் கை வைக்கும், மறுபடியும் கடிபடும், மூன்றாவது தடவை தூரே காலி. சந்தேகம் இருந்தால் ஒரு தூரை அடியில் பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல தூர் என்றால் உங்கள் கைதான் அறுபடும். ஓய்ந்த தூர் மண்ணோடு சேர்ந்து கையில் வந்துவிடும், வேர் நூல் மாதிரி இருக்கும்.

அதனால் மழை விழுந்ததும் மாடு ஆடு எல்லாவற்றையும் ஒரே ஒரு சின்னக் காட்டில் அடைத்து, அங்கேயே சோளத்தட்டும் கடலைக்கொடியும் போட்டு, மற்ற காடுகளின் படலைச் சாத்திவிட வேண்டும். அந்தச் சின்னக் காடு நாசமாகத்தான் போகும், போகட்டும், அடுத்த வருஷம் வேறொன்றை அதற்கு விடலாம். மற்றவை கதிர் தள்ளுகிற வரைக்கும், அதாவது ஐந்தாறு வாரம், பொறுக்க வேண்டும். அப்புறம் முதலில் மாடு, பின்னால் செம்மறி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. மாடு நாக்கால் வளைத்துப் பிடுங்கும், அடியில் கொஞ்சம் விட்டு வைக்கும். செம்மறி தரையோடு கரம்பிவிடும், அதை முன்னால் விட்டால் மாட்டுக்கு ஒன்றும் இருக்காது.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுதான் வரும், மழை பேருக்குத்தான். அந்த மாதங்களில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் கோமாரிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்டுவிடுங்கள், மழைக்கு அப்புறம் குடற்புழு மருந்து. இதை எல்லாரும் சொல்வார்கள், நான் நீட்டவில்லை.

தை பிறந்ததும் புல் நின்றபடியே காய ஆரம்பிக்கும். அதை அறுத்துப் போர் போட வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே அது போர். வயிறு நிறையும், சத்து குறைவு. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வெள்வேல மரம். சரியாக வெயில் ஏறுகிற காலத்தில் நெற்று பழுத்து உதிரும். ஒரு காற்று அடித்தால் போதும், மேய்ந்துகொண்டிருக்கிற மாடு தலையைத் தூக்கி மரத்தடிக்கு நடையைக் கட்டும், ஆடு ஓடும். சாக்கில் பொறுக்கிக் கட்டி வைத்து மாடு இளைக்கிற சமயத்தில் கொடுக்கிறவர்களும் உண்டு. காய்ந்த சாணியை உடைத்துப் பாருங்கள், முழு விதை அப்படியே இருக்கும், அடுத்த மழைக்கு அதே சாணியிலிருந்து கன்று முளைக்கும். இந்த மரங்களில் பலதை யாரும் நட்டதில்லை. ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சப் பட்டையை உரித்தார்கள், இப்போது விறகுக்கு வெட்டுகிறார்கள். வெட்டின இடத்தில் சீமைக்கருவேலம் ஏறிக்கொள்கிறது, அதனடியில் புல் நிற்பதில்லை.

சில வருஷத்துக்கு ஒருமுறை தூர் வயதாகிவிட்டால் மழைக்கு ஓர் உழவு ஓட்டி, சோளமோ கொள்ளோ விதைக்கிறபோது கொழுக்கட்டை விதையையும் கலந்து தூவுவார்கள். அப்போதுதான் உருவின புது விதையைத் தூவினால் முளைக்காது, உறக்கத்தில் இருக்கும். போன வருஷத்து விதை வேண்டும். புது விதையை வாங்கித் தூவிவிட்டு விதைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

இப்போது பெரிய தொந்தரவு வேறு. சோலார் கம்பெனிக்கும் சைட் போடுகிறவருக்கும் நிலத்தை விற்றுவிட்டு வெளியூர் போனவர்கள் போக, மிச்சம் இருப்பவர்கள் காட்டைக் குத்தகைக்கு விடுகிறார்கள். ஒரு வருஷக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அடுத்த வருஷத் தூரைப் பற்றி என்ன கவலை? கொடுத்த பணத்துக்கு மொட்டையடித்துவிட்டுத்தான் போவார். எங்கள் பக்கத்துக் காட்டு அய்யன் ஒருத்தர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். "மூணு வருசம்னா பேசுங்க, இல்லாட்டி வேண்டாமுங்க. மழை பேஞ்சு கதிர் வாங்கற வரைக்கும் படலுக்குப் பூட்டு, சாவி எங்கிட்டத்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுவார். பணம் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. குத்தகைக்கு விட நினைக்கிறவர்கள் பத்திரத்தில் இந்த இரண்டையும் எழுதி வாங்குங்கள், செம்மறி எத்தனை உருப்படி என்பதையும் சேர்த்து.