அப்பாவின் இடது கால்

2024 ஜூன் 9
அப்பாவின் இடது பாதம் வீங்கிச் சிவந்திருக்கிறது. தொட்டால் அனல் அடிக்கிறது. "வலியே இல்லம்மா, நீர் கோத்திருக்கு" என்கிறார். கிளினிக்கில் தோல் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். புண் இல்லை, காய்ச்சலும் இல்லை. காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் சிவப்பு பாதி வடிந்துவிடுகிறது. தொற்று இப்படியா வடியும்?

ஜூன் 15
மாத்திரை முடிந்தும் வீக்கம் அப்படியே இருக்க, சர்க்கரை நோய்ப் பாதப் பிரிவுக்குப் போனோம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் டாக்டர் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடியிருந்த அப்பா, "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்றார்.

வலது காலைவிட இடது காலில் வெப்பம் 4 டிகிரி செல்சியஸ் அதிகம். 2 டிகிரி வித்தியாசமே சந்தேகப்பட வேண்டியதாம். எக்ஸ்ரேயில் நடுப்பாத மூட்டுகள் விலகத் தொடங்கியிருந்தன. ஷார்கோ பாதம். ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1868இல் விவரித்தது. அவர் பார்த்தது மேகநோய் (சிஃபிலிஸ்) முற்றி நரம்பு கெட்டவர்களை. சர்க்கரையோடு 1936இல்தான் முடிச்சுப் போட்டார்கள். நரம்பு மரத்த காலில் எலும்பு விண்டாலும் தெரியாது. அதன்மேலேயே நடக்க நடக்க எலும்பு இளகி, உள்வளைவு இடிந்து, பாதம் படகின் அடிபோல் ஆகிவிடும். அதற்கு முன்னால் நிறுத்தத்தான் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. மாதக்கணக்கில் இருக்கும்.

ஜூன் 24
வீக்கம் வற்றி உள்ளே கால் ஆடியதால் கட்டை மாற்றினார்கள். உயரம் சமமாக வலது காலுக்குத் தடித்த செருப்பு. நாற்றமோ காய்ச்சலோ வந்தால் உடனே வரச் சொன்னார்கள்.

மாமா போனில், "வலி இல்லாத மனுஷனுக்கு எதுக்குக் கட்டு?" என்கிறார். வலித்திருந்தால் அப்பாவே உட்கார்ந்திருப்பார், மாமா! டீக்கடைக்குக் கிளம்புகிறவரைத் தடுப்பதுதான் இந்த வீட்டில் வைத்தியம்.

ஆகஸ்ட் 18
இரண்டு கால்களின் வெப்ப வித்தியாசம் 2 டிகிரிக்குள் வந்துவிட்டது. அது அப்படியே நிலைக்க வேண்டும் என்று கட்டு தொடர்கிறது.

பக்கத்தில் ஒரு பெரியவர். கால்விரல் கொக்கிபோல் வளைந்து, நுனியில் புண். கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார். அதிலிருக்கும் அமிலம் தோலை அரித்துவிட்டது. மரத்துப்போன காலுக்கு அதைக் கேள்வி கேட்காமல் விற்கிறார்களே! விரல் நிமிர்ந்து நுனியில் அழுத்தம் குறைவதற்காக, விரலை மட்டும் மரக்கவைத்து, அடியிலுள்ள தசைநாணை ஊசியளவு துளை வழியே வெட்டிவிட்டார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 27
கட்டு பிரித்தாயிற்று. உள்பக்கம் எலும்பு சற்றுத் துருத்தியிருக்கிறது. அங்கே புண் வந்துகொண்டே இருந்தால் செதுக்கலாம், இப்போது வேண்டாம் என்றார் டாக்டர். அளவெடுத்து எம்.சி.ஆர். (நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர்) செருப்பு செய்யக் கொடுத்திருக்கிறோம்.

"குஷ்டரோகி செருப்பாச்சே, ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்று அப்பா முகம் சுளித்தார். தொழுநோயாளிகளுக்கென்று வந்ததுதான். அவர்களின் பாதப் புண்ணுக்குக் காரணம் உணர்வற்ற காலால் நடப்பதே என்று காட்டியவர் வேலூர் சி.எம்.சி.யின் பால் பிராண்ட். அப்பாவின் காலுக்கும் அதே கதைதான். வெளியே தோல் செருப்பு மாதிரியே தைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதும் சம்மதித்தார்.

அடுத்த சண்டை ஸ்ரீரங்கம். வெயில் ஏறுமுன் போவது, கெட்டிச் சாக்ஸோடு நடப்பது, பிரகாரம் சுற்றாமல் திரும்புவது என்று இப்போதைக்கு ஒப்பந்தம்.