அம்மாவுக்கு ஒரு வீடு, இரண்டு ஒப்பந்தம்

"அது நர்சிங் ஹோம்தானே? பேரை மட்டும் மாத்தி வெச்சிருக்காங்க." சிங்கப்பூரில் முதியோருக்காக வந்த சமூகப் பராமரிப்பு வீட்டுக்கு விண்ணப்பம் போடலாமா என்று நான் கேட்டதற்கு அம்மா சொன்ன முதல் பதில் இதுதான்.

2021 பிப்ரவரி பிடிஓ விற்பனையில், அதாவது கட்டும் முன்பே அரசாங்க வீடுகளுக்கு விண்ணப்பம் வாங்கும் விற்பனையில், புக்கிட் பாத்தோக்கில் 169 வீடுகள் வந்தன. வீடும் பராமரிப்பும் ஒன்றாக வரும் சமூகப் பராமரிப்பு வீடுகள் என்று சிங்கப்பூரில் முதன்முதலாக விற்கப்பட்டவை அவைதாம். அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார். கதவைத் தட்டியது நானோ அண்ணனோ இல்லை, எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி. அவரும் அம்மாவும் முப்பது வருடமாக மலாயில்தான் பேசிக்கொள்கிறார்கள். காலையில் "சுடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்ற அம்மாவின் குரல் வரவில்லையே என்றுதான் அவர் வந்து பார்த்தார். அந்த ஆன்ட்டி மகள் வீட்டோடு போகப்போகிறார் என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கம் போனது.

விண்ணப்பம் அப்போது சுலபம். சிங்பாஸ் என்ற அரசாங்க இணையக் கணக்கில் நுழைந்து பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டியதும் முடிந்தது. விண்ணப்பதாரருக்கு 65 வயது ஆகியிருக்க வேண்டும். குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்றவற்றுக்கே துணை தேவைப்படுவோருக்கு முன்னுரிமை உண்டு. அம்மா அந்த வகையில் வரவில்லை. "அதுக்காவது சந்தோஷப்படு" என்றார்.

எங்களைக் குழப்பியது குத்தகைக் கணக்கு. 15 முதல் 35 ஆண்டு வரை ஐந்தைந்தாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வீட்டுக்காரருக்கு 95 வயது ஆகும்வரையாவது குத்தகை நீடிக்க வேண்டும். கணவன் மனைவி என்றால் இருவருக்கும் அந்தக் கணக்கு பொருந்த வேண்டும். அம்மாவுக்கு அப்போது 72. இருபத்து மூன்று என்று ஒரு தெரிவு இல்லை, ஆகவே 25. "தொண்ணூத்தேழு வயசு வரைக்கும் நான் இருப்பேன்னு கவர்மென்ட்டே சொல்லிடுச்சு" என்று அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். வேண்டாம் வேண்டாம் என்றவர் மனம் இளகியது இந்த நகைச்சுவையில்தான் என்று நினைக்கிறேன்.

விலையைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டின் விலையை மட்டும்தான் கேட்கிறார்கள். அது பாதிக் கதை. இந்த வீட்டை வாங்குபவர் அடிப்படைச் சேவைத் தொகுப்பையும் சேர்த்தே வாங்க வேண்டும், வேண்டாம் என்று விட முடியாது. விற்பனை அறிவிப்பின்போது சொல்லப்பட்ட தொகை, 15 ஆண்டுக் குத்தகைக்கு வீடு ஏறக்குறைய 40,000 வெள்ளி, சேவை 22,000. 35 ஆண்டுக்கு வீடு 65,000, சேவை 52,000. கூர்ந்து பாருங்கள், வருடம் கூடக் கூடச் சேவைதான் வேகமாக ஏறுகிறது. சேவைக் கட்டணத்தை முழுதாக முன்பே கட்டலாம், அல்லது ஒரு பகுதியைக் கட்டிவிட்டு மீதியை மாதாமாதம் கட்டலாம். அண்ணன் முதலாவதையும் நான் இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் சண்டை போட்டோம்.

இன்னொன்று: இந்த வீட்டை வெளியில் விற்க முடியாது, வாடகைக்கும் விட முடியாது. வேண்டாம் என்றால் வீவக என்ற அரசாங்க வீடமைப்புக் கழகத்திடமே திருப்பித் தர வேண்டும். பேரப்பிள்ளைகளுக்குச் சொத்து என்ற நினைப்போடு வாங்குபவர்கள் இங்கே வரக்கூடாது. புது வீட்டுச் சாவி கிடைத்த ஆறு மாதத்துக்குள் பழைய நாலறை வீட்டை விற்றாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அந்தப் பதற்றத்தை எழுதினால் தனிக்கட்டுரையாகும், விடுகிறேன்.

சாவி கிடைக்க 2024 இறுதி ஆகிவிட்டது. காத்திருந்த காலத்தில் நான் செய்த உருப்படியான வேலை ஒன்று. புது வீடு 32 சதுர மீட்டர். சொன்னால் அம்மாவுக்குப் புரியவில்லை. பழைய வீட்டு வரவேற்பறைத் தரையில் கறுப்பு டேப் ஒட்டி, கட்டில் இங்கே, சமையல் மேடை இங்கே, குளியலறை இங்கே என்று வரைந்து காட்டினேன். அம்மா அந்தக் கோட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாமி அலமாரியைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார். பிறகு கிரைண்டரைக் கை காட்டி "அதை நீ எடுத்துக்கோ" என்றார். அலமாரி உள்ளே வந்தது. அலமாரிகளும் சமையலறைப் பெட்டிகளும் கட்டியே தருகிறார்கள் என்பதால் பழைய பீரோவைக் கொடுப்பதில் தகராறு இல்லை.

குடிபோன பிறகுதான் இந்தக் கூட்டு ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பது புரிந்தது. கட்டியது வீவக. திட்டத்தில் சுகாதார அமைச்சுக்குப் பங்கு. பராமரிப்புப் பக்கத்தை நடத்துவது ஒரு சமூகநல அமைப்பு. அதன் மேலாளர் கட்டடத்திலேயே இருப்பார். இருபத்து நான்கு மணி நேர அவசரக் கண்காணிப்பு, அடிப்படை உடல்நலச் சோதனை, சின்னச்சின்னப் பழுதுவேலை எல்லாம் தொகுப்பில் அடக்கம். வீட்டைக் கூட்டித் துடைக்க, துணி துவைக்க, உடனிருந்து கவனித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் தனிக்காசு. 'பராமரிப்பு' என்ற சொல்லைக் கேட்டு எல்லாம் உள்ளே இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒப்பந்தத்தில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது, சரியாகப் படிக்காதது நான்.

முதல் வாரம் குளியலறைக் குழாய் சொட்டியது. இது கட்டுமானக் குறையா, சின்னப் பழுதா? ஓர் எண்ணுக்கு அடித்தால் இன்னோர் எண்ணைக் கொடுத்தார்கள், அங்கே அடித்தால் பழைய எண்ணையே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு பிற்பகல் முழுக்க அதிலேயே போனது. அரசாங்கமும் சமூக அமைப்பும் கை கோத்திருக்கலாம், நடுவில் இருக்கும் இடுக்கில் நம் புகார் விழுந்துவிடுகிறது. கோபத்தில் ஒரு தாளில் எந்தப் பிரச்சினைக்கு யார் என்று நாலு எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனபோது குழாய் சரியாகியிருந்தது. யாரிடம் சொன்னீர்கள் என்றேன். மாடியிலுள்ள பொது இடத்தில் உடற்பயிற்சிக்குப் போனபோது மேலாளரிடம் சொன்னாராம், அந்தப் பெண் தன் கைப்பேசியிலேயே யாருக்கோ அடித்து ஆளை வரவழைத்துவிட்டாராம். நான் ஒட்டிய தாளைத் தேடினேன். அம்மா அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் எந்தக் கிழமை உடற்பயிற்சி, எந்தக் கிழமை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள் என்று எழுதி, கதவுக்குப் பின்னால் கைப்பிடிக் கம்பிக்கு மேலே ஒட்டியிருந்தார்.