ஸ்பீக்கருக்குத் தனி பவர் ஆம்ப்: அளந்து பார்த்துத் தேர்ந்தெடுத்த அனுபவம்

ஸ்பீக்கரை ஓட்டும் திறனைத் தரும் பவர் ஆம்ப் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை, மூன்று மாதங்களாக இழுத்து, நேற்றிரவு முடிந்தது. ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை நான் வழக்கமாகக் கேட்கும் ஒலியளவில் தொடக்கத்திலிருந்து கடைசிவரை கேட்டேன். மிருதங்கத்தின் தாழ்ந்த நாதம் தரும் பக்கமான தொப்பியில் விழுந்த அடி ஒவ்வொன்றும் முழு உருவத்தோடு எழுந்து அடங்கியது. பழைய ஆம்பில் இதே இடங்களில் அடி தட்டையாகிவிடும், கூடவே உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரில் ஒரு கரகரப்பும் சேரும். தாழ் ஒலிகளைத் தரும் ஊஃபர்தான் பழுதாகிவிட்டது என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

என் ஸ்பீக்கர்கள் 4 ஓம் மின்மறுப்பும் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 84 டெசிபெல் உணர்திறனும் (குறித்த வோல்ட்டுக்கு எழும் ஒலியளவு) கொண்டவை. அந்த 84 என்பது 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்த எண். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓமில் அதுவே 2 வாட். ஆகவே ஒரு வாட்டுக்குக் கணக்கிட்டால் கையில் இருப்பது 81 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் வாட் இரட்டிப்பாக வேண்டும் என்பதால், இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் விட்டவர் தேவையில் பாதித் திறனுள்ள ஆம்பை வாங்கிவிடக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் கணக்கிட்டேன்.

ஆனால் எனக்கு உண்மையில் எத்தனை வாட் வேண்டும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அதை அளந்துதான் அறிய வேண்டும். மிக அதிகமாக ஒலி வைத்துக் கேட்கும் பாடலை ஓடவிட்டு, குமிழை என் உச்ச அளவில் நிறுத்தினேன். பிறகு குமிழைத் தொடாமல் ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, டிஜிட்டல் பதிவின் உச்ச எல்லைக்கு 12 டெசிபெல் கீழே பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். சாதாரண மல்டிமீட்டர்கள் 50, 60 ஹெர்ட்ஸில்தான் நம்பத்தக்க அளவு காட்டும் என்பதால் அந்த அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்பீக்கர் இணைப்பில் இல்லாததால், ஆம்ப் தன் எல்லைக்கு வெகு கீழே நின்றபடி, குமிழ் கேட்கும் வோல்ட்டை அப்படியே காட்டுகிறது. வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்பில் இப்படிச் செய்யவே கூடாது. சுமை இல்லாமல் ஓட்டினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம்.

முதல் முறை 4.3 வோல்ட் வந்தது. பாட்டை இயக்கும் செயலியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்ததையும், அது சோதனை ஒலியைத் தானே குறைத்துவிட்டதையும் மறுநாள்தான் கண்டுபிடித்தேன். அதை அணைத்துவிட்டு, பாடலின் அளவையும் மீண்டும் காதால் சரிசெய்து அளந்தபோது 6.1 வோல்ட் வந்தது. 12 டெசிபெல் என்பது வோல்ட்டில் நான்கு மடங்கு ஆகையால், பதிவின் உச்சத்தில் 24.4 வோல்ட் தேவை. 4 ஓமில் அது ஏறத்தாழ 149 வாட். பழைய ஆம்ப் 4 ஓமில் 60 வாட், அதாவது 15.5 வோல்ட்தான் தரும். ஏறத்தாழ 4 டெசிபெல் பற்றாக்குறை. ஆம்பால் தர முடியாத உச்சங்கள் வெட்டுப்பட்டதுதான் அந்தக் கரகரப்பு என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

இந்த எண்ணோடு தேடத் தொடங்கியபோதுதான் விற்பனை விவரங்களின் அவலம் புரிந்தது. ஒரு சேனலை மட்டும் இயக்கி, 1 கிலோஹெர்ட்ஸில், 10 சதவீத உருக்குலைவோடு அளந்த வாட்டைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இரண்டு சேனலும் சேர்ந்து, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 4 ஓமில் என்ன தரும் என்று கேட்டால் பதில் வருவதில்லை. நான் கேட்ட விற்பனையாளர்களில் ஒருவர் மட்டும் கையேட்டின் அந்தப் பக்கத்தையே படம் எடுத்து அனுப்பினார். கடைசியில் அவரிடம்தான் வாங்கினேன்.

வாங்கியது 4 ஓமில் 200 வாட், அதாவது 28.3 வோல்ட் தரும் கிளாஸ் டி பவர் ஆம்ப். பழைய ஆம்ப் இப்போது ஒலியளவுக் குமிழாக மட்டும் நின்று, தன் பிரீ-அவுட் முனை வழியே பவர் ஆம்புக்குச் சமிக்ஞை தருகிறது. வாட்டைவிட, உள்ளே வரும் வோல்ட்டை எத்தனை மடங்காக்கும் என்பதைச் சொல்லும் கெயின்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. முன்பு நண்பரிடம் இரவல் வாங்கிச் சோதித்த ஆம்பின் கெயின் 32 டெசிபெல். அதில் 0.6 வோல்ட் கொடுத்தாலே எனக்கு வேண்டிய 24.4 வோல்ட் வந்துவிடுகிறது. ஆகவே இரவில் மெதுவாகக் கேட்கும்போது என் பழைய ஆம்பின் குமிழைத் தொடக்கத்தை ஒட்டியே வைக்க வேண்டியிருந்தது. குமிழின் அந்தப் பகுதியில் இரண்டு சேனல்களும் ஒத்துப்போவதில்லை. அளந்தபோது இடப்பக்கம் 0.20 வோல்ட், வலப்பக்கம் 0.16 வோல்ட், பாடகரின் குரல் நடுவிலிருந்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. புதிய ஆம்பின் கெயின் 26 டெசிபெல். முழுத் திறனுக்கு 1.4 வோல்ட் கேட்கும், என் பிரீ-அவுட் 2 வோல்ட் வரை தருகிறது. குமிழ் இப்போது தாராளமாகத் திரும்புகிறது, குரலும் நடுவில் நிற்கிறது.

கிளாஸ் டி, அதாவது மின்னோட்டத்தை மிக வேகமாகத் திறந்து மூடி ஒலியலையை உருவாக்கி, கடைசியில் ஒரு ஃபில்டரால் அதைச் சீராக்கும் வகை, என்றதும் எனக்கு இருந்த தயக்கம் நியாயமானதுதான். பின்னூட்டத்தை (பிழையைத் திருத்த வெளியீட்டிலிருந்து திரும்ப எடுக்கும் சமிக்ஞையை) அவுட்புட் ஃபில்டருக்கு முன்பே எடுக்கும் வடிவமைப்புகளில், ஸ்பீக்கரின் மின்மறுப்புக்கு ஏற்ப உச்ச ஸ்தாயி கூடும் அல்லது குறையும். இதில் ஃபில்டருக்குப் பின்னிருந்து எடுக்கிறார்கள். மின்மறுப்பு 3.2 ஓம் வரை இறங்கினால் உச்ச மின்னோட்டம் 11 ஆம்பியரைத் தொடும் என்பதையும் கணக்கிட்டேன். கையேடு 15 ஆம்பியர் எல்லை சொல்கிறது.

அடுத்து மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கான சப்ஊஃபர் சேர்த்து, பவர் ஆம்புக்கு முன்னால் 80 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதற்குக் கீழானதைக் குறைக்கும் ஃபில்டர்) போட வேண்டும். தாழ் ஸ்வரங்களின் சுமை ஸ்பீக்கரிலிருந்து நீங்கினால் இதே 200 வாட் இன்னும் தாராளமாகிவிடும். அதற்கான ஃபில்டரை நானே கட்டுவதா, ஆயத்தமாக வாங்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அதற்குள் ஒரு ஹம் ஒலி தலைகாட்டியிருக்கிறது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினால் உடனே நிற்கிறது, ஆகவே இது கிரவுண்ட் லூப்தான், அதாவது இரண்டு எர்த் இணைப்புகளுக்கிடையே சுற்றும் மின்னோட்டம். பிளக்கின் எர்த் முனையை நீக்கிவிடு என்று சொன்னார்கள். உயிர்காக்கும் கம்பியை ஒலிக்காகத் துண்டிக்க நான் தயாரில்லை. கணினிக்கும் டிஜிட்டல் சமிக்ஞையை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டிஏசிக்கும் இடையே யுஎஸ்பிக்குப் பதிலாக ஆப்டிகல் கேபிள் போட எண்ணியிருக்கிறேன். அது வரும்வரை பேட்டரியில்தான் பாட்டு.